சுத்தமாகத் தெரியாது

கேள்வி: அடுத்த மாதம் நியூஜெர்சியிலிருந்து கலிஃபோர்னியாவுக்குக் குடும்பத்தோடு காரிலேயே போகிறோம். வழியில் ஐந்தாறு ராத்திரி தங்க வேண்டும். மலிவான மோட்டல்களே போதும் என்கிறார் என் கணவர். சுத்தமாக இருக்குமா?

பதில்: ‘சுத்தமாக’ என்ற சொல்லை நீங்கள் என்னிடம் எடுத்திருக்கக் கூடாது. பழைய புண் அது.

சில வருடங்களுக்கு முன் மேற்கு டெக்சாஸில் ஒரு மோட்டலில் தங்கிவிட்டு வந்து இந்தப் பத்திரிகையில் ஒரு பயணக் கட்டுரை எழுதினேன். ‘அறையில் வெந்நீர் சுத்தமாக வரவில்லை’ என்று அதில் ஒரு வரி. எங்கள் புரூஃப் பார்ப்பவர் அதை ‘அறையில் வந்த வெந்நீர் சுத்தமாக இல்லை’ என்று திருத்தி அச்சுக்கு அனுப்பிவிட்டார். வெந்நீரே வரவில்லை ஐயா என்றேன். அப்படியானால் ‘அறவே’ என்று எழுதியிருக்க வேண்டும் என்றார். ‘அறையில் அறவே’ என்றால் காதில் அறைந்த மாதிரி இருக்கும் என்றேன். மூன்று நாள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அடுத்த இதழில் திருத்தம் போட்டோம்: ‘வெந்நீர் சுத்தமாக வரவில்லை என்று படிக்கவும்.’ உடனே ஒரு வாசகர் கடிதம் போட்டார்: ‘அழுக்காகவாவது வந்ததே, சந்தோஷப்படுங்கள்.’

மோட்டல் என்று எழுதாதே, ‘உந்துவிடுதி’ என்று எழுது என இன்றுவரை என்னோடு மல்லுக்கு நிற்பவரும் அந்தப் புரூஃப் பார்ப்பவரேதான். 1925 டிசம்பரில் கலிஃபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போவில் ஆர்தர் ஹெய்ன்மன் என்ற கட்டடக் கலைஞர் மோட்டல் என்ற பெயரோடு ஒரு விடுதியைத் திறந்தார். ‘மோட்டார் ஹோட்டல்’ என்று முழுசாக எழுதப் பலகையில் இடம் போதாமல்தான் ‘மோ-டெல்’ என்று சுருக்கினார் என்பார்கள். வாடகை ஒன்றேகால் டாலர். பலகைக்காகச் சுருக்கியதை நம் ஆள் மறுபடி நீட்டிக்கொண்டிருக்கிறார். விடுங்கள்.

சரி, சுத்தத்துக்கு வருவோம். அமெரிக்க மோட்டல்களிலேயே சுத்தபத்தம் ரொம்பப் பார்த்த ஒன்று அட்லாண்டாவில் இருந்தது. ‘ஹார்ட் ஆஃப் அட்லாண்டா’ என்று பெயர், 216 அறைகள். விரிப்பெல்லாம் வெள்ளைவெளேரென்றுதான் இருந்திருக்கும். கறுப்பர்களுக்கு மட்டும் அங்கே அறை கிடையாது. 1964 ஜூலை 2ஆம் தேதி ஜனாதிபதி ஜான்சன், நிறம் பார்த்து விடுதிகளில் ஆளை ஒதுக்கக் கூடாது என்ற சிவில் உரிமைச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். சில மணி நேரத்திலேயே மோட்டல் முதலாளி வழக்குப் போட்டுவிட்டார். அவரே வக்கீல் வேறு. உச்ச நீதிமன்றம் வரை போய்த் தன் வழக்கைத் தானே வாதாடினார். அதில் ஒரு வாதத்தைக் கேளுங்கள். ‘எனக்கு இஷ்டமில்லாதவர்களுக்கு அறை கொடு என்பது என்னைக் கட்டாய ஊழியம் செய்யச் சொல்வது. அடிமை முறையை ஒழித்த அரசியல் சட்டத்தின் 13ஆவது திருத்தத்துக்கே அது விரோதம்!’ அடிமைகளாக இருந்தவர்களின் பேரப் பிள்ளைகளைப் படியேற்றாமல் இருக்க, அவர்களை விடுவித்த திருத்தத்தையே துணைக்குக் கூப்பிட்ட ஆள். வாய்தான் முதல் என்பது இதுதான்.

ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தள்ளுபடி செய்தார்கள். அவர்கள் பிடித்த பிடி உங்களுக்கு உதவும். அந்த மோட்டலில் தங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வெளி மாநிலத்தவர்கள். மாநிலம் விட்டு மாநிலம் நடக்கும் வியாபாரமென்றால் நாடாளுமன்றம் அதில் கை வைக்கலாம், அவ்வளவுதான் என்றார்கள். உங்களைப் போல மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பி நடுவழியில் ராத்திரி தங்குகிறவர்களை வைத்துத்தான் அந்தத் தீர்ப்பே நின்றது.

அப்புறம் குஜராத்திலிருந்து படேல்கள் வந்தார்கள். நொடித்துப்போன மோட்டல்களை வாங்கி, ஆபீஸுக்குப் பின்னாலேயே குடியிருந்து, விரிப்பு மாற்றுவதிலிருந்து கக்கூஸ் கழுவுவது வரை புருஷன், பெண்டாட்டி, பிள்ளைகள் என்று தாங்களே செய்தார்கள். எதிர்க்கடைக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ‘அமெரிக்கர் நடத்துவது’ என்று பலகை மாட்டினார்கள். அந்தப் பலகைக்கும் ‘இங்கே சுத்தமாக இருக்கும்’ என்றுதான் அர்த்தம். இன்று அமெரிக்க ஹோட்டல்களில் சுமார் 60 சதவீதம் இந்திய வம்சாவளியினர் பெரும்பான்மையாக உள்ள உரிமையாளர் சங்கத்தின் உறுப்பினர்கள் கையில். ‘மோட்டல் 6’ தொடரையே 2024இல் இந்தியாவின் ஓயோ 52.5 கோடி டாலருக்குப் பேசி முடித்தது. (1962இல் அது தொடங்கியபோது ஒரு ராத்திரிக்கு 6 டாலர், பெயர் வந்தது அதனால்தான். கவுன்ட்டரில் 6 டாலரை நீட்டிவிடாதீர்கள்.)

நீங்கள் கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை, தெரிகிறது. உங்களுக்குக் கிடைக்கப்போகும் அறை எப்படியிருக்கும் என்பது எனக்குச் சுத்தமாகத் தெரியாது. பணம் கட்டுவதற்கு முன் அறையைக் காட்டச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் சாவியை வாங்காதீர்கள், அடுத்த எக்ஸிட்டில் இன்னொரு மோட்டல் இருக்கும். உள்ளே போனதும் கட்டிலில் உட்கார்ந்துவிட வேண்டாம். தலைமாட்டு மூலையில் விரிப்பை உருவி, மெத்தையின் ஓரத் தையலைச் செல்போன் வெளிச்சத்தில் பாருங்கள். மிளகைப் பொடித்துத் தூவிய மாதிரி கறுப்புப் புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சி இருக்கிறது என்று அர்த்தம். வேறு அறை கேளுங்கள், ஒட்டிய அறை வேண்டாம். பார்த்து முடிக்கும்வரை பெட்டிகள் தரையிலோ கட்டிலிலோ இருக்கக் கூடாது. குளியல் தொட்டிக்குள் வையுங்கள், அந்த வழவழப்பில் மூட்டைப்பூச்சி ஏறத் திணறும்.

வைத்ததை மட்டும் மறந்துவிடாதீர்கள். டெக்சாஸில் வெந்நீர் வருகிறதா என்று பார்க்க ஷவரைத் திறந்தவன் நான்தான். பெட்டி அதன் அடியில் இருந்தது, மனைவியின் பட்டுப்புடவை அந்தப் பெட்டியில் இருந்தது. தண்ணீர் சுத்தமாகத்தான் வந்தது.