115 வயது, 13 நாள் பட்டம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நீண்ட ஆயுள் பற்றிய உங்கள் குறிப்பில் அமெரிக்காவில் குடியேறிய இத்தாலியப் பெண் தீனா மான்ஃப்ரெதினியை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். ‘குடும்பத்துக்காகவே வாழ்ந்தவர்’ என்று எழுதியிருந்தீர்கள். 115 வயதுவரை ஒருவர் குடும்பத்துக்காகவே வாழ்ந்தார் என்பது பாராட்டா, பரிதாபமா? அவருக்கென்று ஒரு வாழ்க்கை இருந்ததா இல்லையா? தவறாகக் கேட்டிருந்தால் மன்னிக்கவும்.

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

தவறே இல்லை. அந்த வரி நான் சோம்பலில் எழுதியது. வயதான பெண்மணி ஒருவர் இறந்தால் இரங்கல் குறிப்பு எழுதுகிறவர்கள் கை போன போக்கில் போடுகிற வரி, நானும் போட்டுவிட்டேன்.

தீனா 1897 ஏப்ரல் 4 அன்று பியேவேபெலாகோவில் பிறந்தார். வட இத்தாலியில் மொதெனா மாகாணத்தின் தென்பகுதியில், அப்பெனைன் மலையில் இருக்கும் ஊர். அந்த மலைக்காரர்களுக்கு செஸ்ட்நட் கொட்டைதான் சோறு. கல்லால் கட்டிய புகைக்குடிலில் வாரக்கணக்கில் உலர்த்தி, மாவாக அரைத்து, அதிலேயே கூழ், அதிலேயே அடை. மேசையில் கோதுமை மாவைக் குவித்து, நடுவில் குழி பறித்து முட்டையை உடைத்து ஊற்றிப் பிசைந்து, நீளமான கட்டையால் துணி மாதிரி மெல்லிசாகத் தேய்த்து, சுருட்டி, கத்தியால் நாடா நாடாக வெட்டி பாஸ்தா செய்வதெல்லாம் ஏழை வீட்டில் விசேஷ நாளில்தான். அமெரிக்கா போன இத்தாலியப் பெண்கள் அதை சாதாரண நாளிலும் செய்ய முடிந்தது, அதற்கான மாவும் முட்டையும் அங்கே கைக்கு எட்டின. ஏன் கப்பலேறினார்கள் என்று கேட்டால் நான் முதலில் இதைத்தான் சொல்வேன்.

1920இல் ரிக்கார்தோவைக் கல்யாணம் செய்துகொண்டு அயோவா மாநிலத்தின் டெமாய்ன் நகருக்கு வந்தார். நல்ல நேரத்தில் வந்தார் என்று சொல்ல வேண்டும், 1921இல் அமெரிக்கா கதவைச் சாத்த ஆரம்பித்தது, 1924 சட்டம் மொத்த இத்தாலிக்கும் வருடத்துக்கு 3,845 பேர்தான் என்று சுருக்கிவிட்டது. நான்கு பிள்ளைகள் பிறந்தார்கள்.

அந்தக் கால மக்கள்தொகைக் கணக்கேட்டில் ஒரு வேடிக்கை உண்டு. டெமாய்னைச் சுற்றி நிலக்கரிச் சுரங்கங்கள், அங்கே வேலைக்கு வந்த தனி ஆண்கள் ஊர்க்காரக் குடும்பங்களோடு தங்குவார்கள். அவர்களுக்குச் சமைப்பது, கரி அப்பிய சட்டையைத் துவைப்பது, ராத்திரி குளிக்க வெந்நீர் போடுவது எல்லாம் அந்த வீட்டுப் பெண். கணக்கேட்டில் அவள் பெயருக்கு நேரே தொழில் என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதியிருக்கும், அதே பக்கத்தில் நாலு வரி கீழே ‘காசு கொடுத்துத் தங்குபவர்’ என்று வரிசையாக ஆண்கள்! இது தீனாவின் கதை என்று சொல்லவில்லை, அவர் தலைமுறைப் பெண்களின் கதை. ஆனால் ‘குடும்பத்துக்காகவே வாழ்ந்தவர்’ என்று நான் எழுதியபோது அந்தக் கணக்கெடுப்பாளர் செய்ததைத்தான் நானும் செய்திருக்கிறேன்.

தீனா சம்பளத்துக்கும் வேலை பார்த்தவர். இரண்டாம் உலகப்போரில் வெடிமருந்து ஆலைக்குப் போனார். குடியுரிமை வாங்காத இத்தாலியர்களை 1941 டிசம்பரில் அமெரிக்க அரசு ‘எதிரி நாட்டவர்’ என்று அறிவித்திருந்தது, 1942 அக்டோபரில்தான் அந்த முத்திரையை எடுத்தார்கள். அந்தப் போரில் ஓர் இத்தாலியத் தாய் அமெரிக்கத் துப்பாக்கிக்கு வேலை செய்திருக்கிறார். சரி, போர் முடிந்தது. அப்புறம் மற்றவர்கள் வீடுகளைச் சுத்தம் செய்யும் வேலை.

உங்கள் கேள்விக்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. 1965இல் கணவர் இறந்துவிட்டார். பிள்ளைகள் எப்போதோ வளர்ந்துவிட்டார்கள், சோறு போட வேண்டியவர்கள் யாரும் வீட்டில் இல்லை. அப்படியும் தொண்ணூறு வயதுவரை வேலைக்குப் போனார். 110 வயதுவரை தனியாக இருந்தார், அதன் பிறகுதான் முதியோர் இல்லம். இதில் எந்த வருடத்தைப் பரிதாபம் என்று சொல்வீர்கள்? சொந்தக் காசு, சொந்தக் கதவு, சொந்தச் சாவி. குடும்பம் அவருக்கு உயிர்தான், ஆனால் அந்த நாற்பத்துச் சொச்சம் வருடங்களைக் குடும்பக் கணக்கில் எழுத எனக்குக் கை வரவில்லை.

2012 டிசம்பர் 4 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த பெஸ்ஸி கூப்பர் இறந்ததும் உலகின் மிக வயதான மனிதர் என்ற பட்டம் தீனாவுக்கு வந்தது. டிசம்பர் 17 அன்று அவரும் இறந்தார். பத்திரிகைகள் இந்த 13 நாளைப் பற்றித்தான் அதிகம் எழுதின.

பழைய குறிப்பில் வரியை மாற்றிவிட்டேன். இப்போது அங்கே ‘தொண்ணூறு வயதுவரை வேலைக்குப் போனவர், நான்கு பிள்ளைகளின் தாய்’ என்று இருக்கிறது.