கொரியன் சோகோச்சுஜாங் பாட்டில் வாங்கினேன், வீட்டில் எதற்கெல்லாம் பயன்படுத்தலாம்?

கோச்சுஜாங் என்ற மிளகாய் விழுதில் வினிகரும் சர்க்கரையும் கலந்து தளர்த்தியதுதான் அது, காரம், புளிப்பு, இனிப்பு மூன்றும் ஏற்கெனவே இருக்கும். கொரியாவில் முதல் உபயோகம் பச்சை மீனுக்குத் தொட்டுக்கொள்வது. பச்சை மீன் வேண்டாமா, கணவாயை வளையமாக நறுக்கிக் கொதிக்கிற தண்ணீரில் 1 நிமிடம் போட்டு எடுத்துத் தொட்டுச் சாப்பிடுங்கள், அதற்கு மேல் விட்டால் ரப்பர் மாதிரி ஆகிவிடும். சைவம் என்றால் லேசாக வேகவைத்த புரோக்கோலி, அங்கேயும் அப்படித்தான் சாப்பிடுகிறார்கள்.

என்னைக் கேட்டால் இதற்குச் சரியான இடம் பிபிம் குக்சுதான். மெல்லிய கோதுமை நூடுல்ஸை வேகவைத்து, குளிர்ந்த தண்ணீரில் கையால் அலசி அலசி அந்த வழவழப்பு முழுக்கப் போக்கி, நன்றாக வடித்த பிறகு (தண்ணீர் நின்றால் சாஸ் ஒட்டாமல் தட்டின் அடியில் தேங்கும்) ஆளுக்கு 2 மேஜைக்கரண்டி சாஸ், கொஞ்சம் எள்ளெண்ணெய், நீளமாக அரிந்த வெள்ளரிக்காய், இருந்தால் கிம்ச்சி (காரம் சேர்த்துப் புளிக்கவைத்த கொரிய முட்டைக்கோஸ்) போட்டுப் பிசறினால் வெயில் காலத்துக்கு அருமை. எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் எடுத்ததாக இருக்கட்டும், நம் நல்லெண்ணெயில் அந்த வாசனை வராது. சூடான சோறு, டின் டூனா, லெட்யூஸ் மாதிரி சாலட் இலை, மேலே இந்த சாஸ், அதுவும் ஒரு வேளைச் சாப்பாடு.

தொக்போக்கி (காரக் குழம்பில் வேகும் அரிசிமாவுத் துண்டுகள்) செய்ய மட்டும் இதை ஊற்றாதீர்கள், குழம்பே புளித்துவிடும், அதற்கு வெறும் கோச்சுஜாங் வேண்டும். அப்புறம், கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் வீட்டில் இருந்தால் லேபிளைப் படியுங்கள், கடையில் விற்கிற பலவற்றில் கோதுமை உண்டு. திறந்த பாட்டிலை ஃபிரிட்ஜில் வையுங்கள்.