லட்சம் முடிவுகள் வந்தால் என்ன செய்வது?
பொறியியல் மாணவர் கேள்வி – பதில்

(தேடற்சொற்களைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டிருக்கிறோம். தேடும்போது அவற்றை ஆங்கிலத்தில் தட்டுங்கள்.)

கேள்வி: குடிசார் பொறியியல் இறுதியாண்டில் இருக்கிறேன். கடலோரக் கொங்கிறீட் தூண்களில் கம்பி துருப்பிடிப்பதுதான் என் ஆய்வு. ஆய்வுக்கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்கொலரில் 'கொங்கிறீட் கொரோஷன் ட்ரிங்கோமலி' என்று தேடினால் உருப்படியாக எதுவும் இல்லை. ஊர்ப்பெயரை எடுத்துவிட்டால் லட்சக்கணக்கில் வந்து கொட்டுகிறது.
– வாசகி, உவர்மலை

பதில்: ஊர்ப்பெயரை முதலில் எடுத்துவிடுங்கள். அந்தப் பெயரில் 1817இல் பம்பாயில் வெள்ளோட்டம் விட்ட ஒரு பாய்க்கப்பலும் உண்டு. இப்போது இங்கிலாந்தின் ஹார்ட்ல்பூலில் அருங்காட்சியகமாக நிற்கிறது. அதன் மரப்பலகை பராமரிப்பு உங்களுக்கு எதற்கு? கம்பியைத் துருப்பிடிக்க வைப்பது உப்புக்காற்றும் வெக்கையும் ஈரமும். ஆகவே ஊருக்குப் பதில் 'ட்ரொப்பிக்கல்', 'மரைன்' என்று போடுங்கள்.

அடுத்து, தலைப்பை மூன்று கருத்துகளாக உடைத்து, ஒவ்வொன்றுக்கும் மாற்றுச்சொல் எழுதிக்கொள்ளுங்கள். கடலோரம்: மரைன், கோஸ்டல், சீவோட்டர். உப்பு உள்நுழைதல்: குளோரைட் என்ற சொல்லோடு இன்கிரஸ், பெனட்ரேஷன், டிஃபியூஷன். பொருள்: ரெய்ன்ஃபோஸ்ட் கொங்கிறீட். ஒரே கருத்தின் மாற்றுச்சொற்களை 'ஓர்' (அல்லது) கொண்டு இணைத்து அடைப்புக்குறிக்குள் போட்டு, அடைப்புகளை 'அன்ட்' (மற்றும்) கொண்டு இணையுங்கள். அடைப்பை விட்டால் 'அன்ட்', 'ஓர்' இரண்டில் எது முதலில் செயற்படும் என்பது தளத்துக்குத் தளம் மாறும். சம்பந்தமில்லாத குப்பை வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். இரண்டையும் பெரிய எழுத்தில் தட்டுங்கள். சில தளங்கள் சிறிய எழுத்தில் வந்தால் கட்டளையாக எடுப்பதில்லை. வேர்ட் கோவையிலிருந்து வெட்டி ஒட்டினால் மேற்கோள்குறி வளைந்த வடிவில் வரும். சில தரவுத்தளங்களுக்கு அது புரியாது. நேராகத் தட்டச்சு செய்த குறியே பாதுகாப்பு.

எங்கே தேடுகிறீர்கள் என்பதும் முக்கியம். ஐ.ஈ.ஈ.ஈ. எக்ஸ்ப்ளோர் என்ற கட்டுரைத் தரவுத்தளம் மின், இலத்திரனியல், கணினி மாணவர்களுக்குத் தங்கச்சுரங்கம். கொங்கிறீட்டுக்கு அது கிணற்றில் மீன்பிடிப்பது மாதிரி. உங்களுக்கு ஸ்கோப்பஸ், கொம்பென்டெக்ஸ், அமெரிக்கக் குடிசார் பொறியியலாளர் சங்கத்தின் தரவுத்தளம் என்ற மூன்றில் உங்கள் நூலகம் எதற்குச் சந்தா கட்டியிருக்கிறதோ அதில் தொடங்குங்கள். ஸ்கோப்பஸில் தலைப்பு, சுருக்கம், திறவுச்சொல் என்ற மூன்றுக்குள் மட்டும் தேடலாம். கூகுள் ஸ்கொலர் முழுக்கட்டுரையையும் துழாவும். அதனால்தான் உசாத்துணைப் பட்டியலில் ஒரு தடவை 'மரைன்' என்று வந்த கட்டுரைகூட உங்கள் முன் வந்து நிற்கிறது. எத்தனை லட்சம் என்று காட்டினாலும் அது திறந்துகாட்டுவது முதல் 1000 முடிவுகளைத்தான்.

இன்னொரு குறுக்குவழி: பரிசோதனையின் நியம இலக்கத்தையே தேடுங்கள். குளோரைட் ஊடுருவலுக்கு ஏ.எஸ்.டீ.எம். என்ற நியம அமைப்பின் சி1202 என்ற சோதனை இருக்கிறது. 60 வோல்ட் அழுத்தத்தில் 6 மணிநேரம் மின்னோட்டம் செலுத்தி, ஊடாகச் சென்ற மின்னேற்றத்தைக் கூலோமில் அளப்பார்கள். 'சி1202' என்பதை 'மரைன்' என்ற சொல்லோடு சேர்த்தால் வருகிறவை பெரும்பாலும் உண்மையாகவே ஆய்வுகூடத்தில் அளந்தவர்களின் கட்டுரைகள். அதில் நல்ல ஒன்று அகப்பட்டால் கூகுள் ஸ்கொலரில் அதன் கீழுள்ள 'சைட்டட் பை' இணைப்பைத் திறந்து, அதை மேற்கோள் காட்டியவற்றுக்குள் மட்டும் தேடும் பெட்டியில் குறி போட்டு 'ட்ரொப்பிக்கல்' என்று தட்டுங்கள். லட்சம் சில டசின்களாகச் சுருங்கும்.

கேள்வி: வளாகத்தில் திறக்கும் கட்டுரை, விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தால் டொலரில் காசு கேட்கிறதே?
– மாணவன், கிண்ணியா

பதில்: காசு கட்டாதீர்கள். வளாக வலையமைப்பின் முகவரியைப் பார்த்துத்தான் பதிப்பகம் கதவைத் திறக்கிறது; உங்கள் வீட்டு இணைப்பு அதற்கு அந்நியம். கூகுளில் நுழையாமல் உங்கள் நூலக இணையப்பக்கத்தில் நுழைந்து, அங்கிருக்கும் தரவுத்தள இணைப்பை அழுத்துங்கள். வெளியிலிருந்து நுழைய உங்கள் பல்கலைக்கழகம் வி.பி.என். (உங்கள் கணினியை வளாக வலையமைப்போடு இணைக்கும் மென்பொருள்) தருகிறதா, ப்ரொக்ஸி (நூலகத்தின் இடைச் சேவையகம்) வழியா, பல்கலைக்கழகப் பெயரைத் தெரிவுசெய்து நுழையும் முறையா என்பதை நூலகரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். லீவு தொடங்குவதற்கு முதல் கேளுங்கள். கடவுச்சொல் மறந்தால் கிண்ணியாவிலிருந்து புதுப்பிப்பது சிரமம். ப்ரொக்ஸி வழியாகத் திறந்த பக்கத்தைப் புத்தகக்குறியாகச் சேமித்து மறுநாள் அழுத்தினால் திறக்காமல் போகலாம். அமர்வு காலாவதியாகியிருக்கும், மறுபடி வாசலிலிருந்து வாருங்கள்.

நூலகம் சந்தா கட்டாத சஞ்சிகையானால், ஸ்கொலரில் முடிவின் கீழே உள்ள 'எல்லாப் பதிப்புகளும்' என்பதைத் திறவுங்கள். ஆசிரியர் தன் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் இட்ட இலவசப் பிரதி அங்கே கிடைப்பதுண்டு. அன்பேவோல் என்ற உலாவி நீட்டிப்பும் இதே வேலையைச் செய்யும். ஆசிரியர் பிரதியில் பக்க இலக்கம் வேறுபடும். ஆகவே உசாத்துணையில் பக்கத்தை வெளியான பதிப்பின்படி போடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மென்பொருள் வைத்து நூற்றுக்கணக்கில் ஒரேயடியாகத் தரவிறக்க வேண்டாம். பதிப்பகம் அதைத் திருட்டாக நினைத்து உங்கள் வளாகம் முழுவதையும் தடுத்துவிடும். பரீட்சை நேரத்தில் அப்படி நடந்தால் எல்லாரும் உங்களைத்தான் தேடுவார்கள்.

கேள்வி: உயர் தேசிய பொறியியல் டிப்ளோமா படிக்கிறேன். பெரிய சந்தா எதுவும் எங்களுக்கு இல்லை. பொது நூலகத்திலும் கொங்கிறீட் புத்தகங்களை ஒரே இடத்தில் காணவில்லை.
– மூதூர் வாசகர்

பதில்: நூலகங்கள் புத்தகங்களுக்கு எண் இடும் டியூயி வகைப்பாடு பொருளையும் கட்டமைப்பையும் பிரித்துவிடும். கொங்கிறீட்டைப் பொருளாகப் பேசும் நூல் 620.136இல், கொங்கிறீட் கட்டமைப்பு 624.1834இல், துருப்பிடித்தல் 620.11223இல், துறைமுகம் 627.2இல் இருக்கும். தசமப் புள்ளிக்குப் பிறகு முழு எண்ணாக வாசிக்காதீர்கள். 624.1834 என்பது பாலங்களுக்கான 624.2க்கு முன்னால்தான் வரும். 1834 பெரிய எண் என்று எண்ணி அலுமாரியின் கடைசியில் தேடுபவர்கள் நிறைய.

இலங்கை ஆய்வுகளுக்கு ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் தளம் இலவசம். இலங்கைப் பொறியியலாளர் நிறுவனத்தின் சஞ்சிகையும் அதில் உண்டு. நியமங்களில் மட்டும் கவனம். கொங்கிறீட் வடிவமைப்புக்கான பிரித்தானிய நியமம் பி.எஸ். 8110 இன்னும் பழைய பாடநூல்களில் ஆட்சி செய்கிறது. ஆனால் அது 2010இல் மீளப்பெறப்பட்டு, ஐரோப்பிய நியமமான யூரோகோட் 2 அதன் இடத்துக்கு வந்துவிட்டது. வலையில் எங்கிருந்தோ கிடைக்கும் பி.டி.எஃப். பிரதியில் பின்னர் வந்த திருத்தங்கள் இருக்காது. எந்த நியமத்தையும் ஆண்டோடு எழுதுங்கள். நடைமுறையில் உள்ளதா, மீளப்பெறப்பட்டதா என்பதை வெளியிட்ட நிறுவனத்தின் பட்டியலிலேயே பாருங்கள்.

கேள்வி: சொட்டெரோ என்ற உசாத்துணை மென்பொருளில் கட்டுரைகளைச் சேர்த்தேன். பெயர்கள் தலைகீழாக வருகின்றன.
– தம்பலகாமம் மாணவி

பதில்: நம் பெயர்களுக்குக் குடும்பப்பெயர் இல்லாததால் வரும் குழப்பம். தந்தை பெயரையும் சொந்தப் பெயரையும் முன்பின்னாக எழுதும்போது, கடைசியாக உள்ளதை மென்பொருள் குடும்பப்பெயராக எடுத்துவிடும். பதிவைத் திறந்து ஆசிரியர் வரிசையைப் பாருங்கள். கட்டுரையின் முதல் பக்கத்தில் அவர் தன்னை எப்படி அச்சிட்டிருக்கிறாரோ அதன்படி இரு பெட்டிகளையும் மாற்றுங்கள். தலைப்பை நீங்களே தட்டாமல் டி.ஓ.ஐ. இலக்கத்தை (கட்டுரையின் நிரந்தர அடையாள எண்) மந்திரக்கோல் பொத்தானில் இட்டால் பிழை குறையும், ஆனால் போகாது. ஐ.ஈ.ஈ.ஈ. பாணியில் எண்கள் உரையில் வரும் ஒழுங்கில் இருக்க வேண்டும். கையால் [7] என்று தட்டினால், நடுவே ஒன்றைச் சேர்த்ததும் அடுத்தவை எல்லாம் பிசகும். சொட்டெரோவின் இலவச இணையச் சேமிப்பு 300 எம்.பி. மட்டுமே, பி.டி.எஃப். கோவைகளை மடிக்கணினியிலேயே வைத்திருங்கள்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவு ஐந்து கட்டுரைகள் தந்தது. மூன்றை எங்கும் காணோம்!
– நிலாவெளி

பதில்: அவை இல்லாத கட்டுரைகளாக இருக்கலாம். டி.ஓ.ஐ. '10.' என்று தொடங்கும். அதை டி.ஓ.ஐ. தளத்தில் இட்டு, திறக்கும் கட்டுரையின் தலைப்பு ஒத்துப்போகிறதா பாருங்கள். இலக்கம் திறந்தாலும் அது வேறொரு கட்டுரைக்குப் போவதும் உண்டு. டி.ஓ.ஐ. இல்லையென்றால் தலைப்பை மேற்கோள்குறிக்குள் இட்டுத் தேடி, சஞ்சிகையின் தொகுதி, இதழ், பக்கம் மூன்றையும் ஒப்பிடுங்கள். கிடைத்த இரண்டையும் திறந்து வாசியுங்கள். அவை சொல்லாததைச் சொன்னதாக செயற்கை நுண்ணறிவு எழுதியிருக்கக்கூடும்.