போலந்து டிவிஷன் அழிந்தால் யார் கணக்கில் எழுப்புவது?

கேள்வி: 1944 நார்மண்டிப் போரை வைத்து நண்பர்களுக்காக ஒரு போர்டு கேம் தயாரிக்கிறேன். போலந்தின் முதல் கவச டிவிஷனுக்கு (டாங்கிகள் கொண்ட பெரிய படை) தனி நிறம் தரவா, பிரிட்டிஷ் நிறமே போதுமா? சோதனை ஆட்டத்தில் அது அழிந்தபோது நண்பர் பிரிட்டிஷ் ரீப்ளேஸ்மென்ட் பாயின்டை (இழந்த படையை நிரப்பும் புள்ளி) செலவழித்து மறுபடி எழுப்பிவிட்டார். சரியா?

பதில்: நிறம் உங்கள் இஷ்டம். நண்பர் செய்ததுதான் தப்பு.

நாடு பறிபோய் லண்டன் வந்து சேர்ந்த அரசாங்கங்களின் படைகளுக்குப் பிரிட்டன் இரும்பு கொடுத்தது, ஆள் கொடுக்கவில்லை. 1941 மே மாதம் ஜெர்மன் போர்க்கப்பல் பிஸ்மார்க்கைத் துரத்திய பியோருன் பிரிட்டனில் கட்டிய கப்பல், மாலுமிகள் போலந்துக்காரர்கள். தளபதி மாச்செக்கின் கவச டிவிஷனும் அப்படித்தான். 1942-ல் ஸ்காட்லாந்தில் உருவானது. ஷெர்மன் டாங்கி, பெட்ரோல், குண்டு எல்லாம் நேச நாட்டுக் கிடங்கிலிருந்து வரும். செத்தவன் இடத்துக்கு யார்க்‌ஷயர் பையனை அனுப்ப முடியுமா? உத்தரவு போலிஷ் மொழியில் அல்லவா வரும்! அதனால் சப்ளையை பிரிட்டிஷ் கணக்கில் எழுதுங்கள், ஆளைத் தனிக் கணக்கில் எழுதுங்கள்.

அந்தத் தனிக் கணக்கு எப்படி நிரம்பியது என்பதுதான் வேடிக்கை. போலந்தின் மேற்குப் பகுதிகளை ஜெர்மனி தன்னோடு இணைத்துக்கொண்டு அங்கிருந்த இளைஞர்களைத் தன் ராணுவத்தில் சேர்த்தது. அவர்கள் நேச நாடுகளிடம் பிடிபட்டதும் கைதி முகாமிலேயே ஆயிரக்கணக்கில் போலந்துச் சீருடைக்கு மாறிக்கொண்டார்கள். உங்கள் ஆட்டத்தில், அழிந்த ஒவ்வொரு ஜெர்மன் காலாட்படை கவுன்டருக்கும் (படையைக் குறிக்கும் அட்டைத் துண்டு) ஒரு பகடை உருட்டுங்கள். 6 விழுந்தால் போலந்துக்கு ஒரு பாயின்ட். போதும்.

பலன் நார்மண்டியின் மோன் ஓர்மெலில் தெரியும். வரைபடத்தில் 262-ஆம் குன்று. ஆகஸ்ட் 19-லிருந்து 21 வரை போலந்துக்காரர்கள் அங்கே தனியாக மாட்டிக்கொண்டார்கள். கீழே நேச நாடுகள் சுற்றிவளைத்த ஃபலேஸ் வளையத்திலிருந்து தப்பி ஓடும் ஜெர்மானியர்கள், பின்னாலிருந்து அவர்களை மீட்க வரும் இன்னொரு ஜெர்மன் கூட்டம், குண்டு தீர்ந்துகொண்டிருக்கிறது. 21-ஆம் தேதிதான் கனடியர்கள் வந்து சேர்ந்தார்கள். டிவிஷனைச் சுலபமாக எழுப்பலாம் என்றால் உங்கள் நண்பர் அந்த ஹெக்ஸை (வரைபடத்தின் அறுகோணக் கட்டம்) பார்த்துத் தோளைக் குலுக்குவார். எழுப்ப முடியாது என்றால் கனடிய கவுன்டரை எடுத்துக்கொண்டு ஓடிவருவார்.

இந்தப் பகடை விதிக்கு ஒரு விதிவிலக்கு உண்டு, செக்கோஸ்லோவாக்கியக் கவச பிரிகேட். 1944 அக்டோபரில் அதை பிரெஞ்சுத் துறைமுகமான டன்கிர்க்கின் முற்றுகைக்கு அனுப்பினார்கள். போர் முடியும்வரை அங்கேயே கிடந்தது. சிறிய படை, இழப்பை ஈடுகட்ட ஆள் குறைவு, முன்வரிசையில் வைத்தால் ஒரே மாதத்தில் காணாமல் போய்விடும். சண்டை பலத்தை மட்டும் பார்த்து அதை ரைன் நதிக்கு ஓட்டிவிடாதீர்கள். துறைமுகத்தைச் சுற்றி நிறுத்தினால் வெற்றிப் புள்ளி என்று விதி வையுங்கள். பகடையே வேண்டாம், எழுப்பவும் வேண்டாம். இதை மூன்று பேருக்குச் சொல்லிவிட்டேன், மூன்று பேரும் ரைனுக்குத்தான் ஓட்டினார்கள்.

இப்போது என் வயிற்றெரிச்சல். 'முழுப் படைப்பட்டியல்' என்று காசுக்கு விற்கும் ஃபைல்களை வாங்காதீர்கள். நான் வாங்கிய ஒன்றில் போலந்து தளபதி ஆண்டர்ஸின் இரண்டாம் படைப்பிரிவு நார்மண்டியில் நின்றது. அது 1944 மே மாதம் இத்தாலியில் மோன்டே கசினோவில் சண்டை போட்ட படை ஐயா! இன்னொரு போலந்து தளபதி சோசபோவ்ஸ்கியின் பாராசூட் பிரிகேட் இரண்டு தடவை வந்திருந்தது. விற்றவரைக் கேட்டால் 'ஆட்டத்துக்குப் போதுமே சார்' என்கிறார். வெளிநாட்டிலிருந்து கேம் பெட்டி தருவிப்பது இன்னொரு கொடுமை. பொம்மையா, சீட்டுக்கட்டா, புத்தகமா என்று சுங்கத்தில் யாருக்கும் தெரியாது. தெரியாததற்கும் ஒரு கட்டணம் உண்டு. நடுவில் ஒருவர் போன் செய்து 'நான் எடுத்துத் தருகிறேன்' என்பார். ரசீது கேளுங்கள், போன் தானாகவே கட்டாகும்.

நிறம் பற்றி விட்டுவிட்டேனே. பிரிட்டிஷ் காக்கி நிறத்திலேயே போட்டு, ஓரத்தில் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு பட்டை அடியுங்கள். எந்தக் கிடங்கில் சாப்பாடு, எந்தக் கணக்கில் ஆள் என்று விதிப்புத்தகத்தைப் புரட்டாமலே தெரியும். உங்கள் ஆட்டம் 1945 வரை போகும் என்றால் அந்த கவுன்டரைப் பத்திரமாக வைத்திருங்கள். மே மாதம் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் கடற்படைத் தளம் சரணடைந்தது அந்த டிவிஷனிடம்தான்.