வெப்காமிக்ஸ் வரைகிறேன். சிரிக்க வைத்தால் கதை நகரவில்லை, கதை சொன்னால் ஆள் வருவதில்லை. இரண்டையும் எப்படிச் சமாளிப்பது?

நீங்கள் கேட்டதற்கு என் பதில்: பங்கு பிரித்தால் இரண்டும் கெடும். இந்த வாரம் ஜோக், அடுத்த வாரம் கதை என்று மாற்றி மாற்றிப் போடுபவர்கள் உண்டு. ஜோக்குக்கு வந்தவர் கதை வாரத்தில் காணாமல் போவார், கதைக்கு வந்தவர் ஜோக் வாரத்தில் கொட்டாவி விடுவார். அதனால் நான் அளவு பார்ப்பதில்லை. ஒன்றே ஒன்றுதான் பார்ப்பேன்: இந்த ஜோக்கால் யாருக்காவது பின்னால் வம்பு வருமா?

மன்னார்குடிப் பக்கம் இருந்துகொண்டு இன்ஸ்டாகிராமில் ஒரு தொடர் வரைகிறேன். கலியபெருமாள் என்று ஒரு பெரியப்பா. குறுவை நெல்லை அரசின் நேரடி கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டு, தன் முறை வரும்வரை குவியலுக்குப் பக்கத்திலேயே காவல் கிடப்பார். அவ்வளவுதான் கதை. டெல்டாக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: அரசு தளர்வு கொடுத்தால் தவிர, ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிய நெல்லை எடுக்க மாட்டார்கள். குறுவை அறுவடையோ மழை இறங்குகிற நேரமாகப் பார்த்துத்தான் வரும்.

அதில் ஒரு நாலு கட்ட ஜோக். பெரியப்பா குவியலுக்குள் கையை விட்டு, "காஞ்சு கலகலன்னு கெடக்கு தம்பி" என்கிறார். ஊழியர் கருவியில் நெல்லைப் போட்டுப் பார்த்து, "பத்தொம்போது" என்கிறார். பெரியப்பா: "மெஷினுக்கே வேர்க்குது போலருக்கு, தொடச்சிட்டுப் பாரு." கடைசிக் கட்டத்தில் ஊழியர் சட்டை நுனியால் பொறுமையாகத் துடைத்து, மறுபடி பார்த்து, "இருவது."

இதோடு விட்டிருந்தால் நல்ல துணுக்கு. நாலு பேர் பகிர்வார்கள், மறந்துவிடுவார்கள். ஆனால் சுற்றி நின்ற கூட்டமே சிரித்துவிட்டதே, அந்த ஊழியர் என்ன செய்வார்? மறுநாள் காலையில் துடைத்த மெஷினோடு வந்து எல்லாக் குவியலையும் முதலிலிருந்து அளக்கிறார். நேற்று 17 என்று தேறி, சாக்குப் பிடிக்கத் தயாராக இருந்த பக்கத்துக் குவியல்காரருக்கு இன்று 18. அவர் பெரியப்பாவோடு பள்ளிக்கூடம் போனவர். அன்றிலிருந்து பேச்சு இல்லை. சிரித்த வாசகர்கள் இப்போது கொஞ்சம் சங்கடத்தோடு படிக்கிறார்கள், ஏனென்றால் அவர்களும் அந்தக் கூட்டத்தில் நின்று சிரித்தவர்கள்தானே. கதை நகர்ந்தாயிற்று, தனியாக ஒரு 'கதை வாரம்' வேண்டியிருக்கவில்லை.

பிறகு ஒரு ராத்திரி மழை. பெரியப்பா ஒருவரால் தார்ப்பாயை இழுத்து மூட முடியவில்லை. பேச்சை விட்டவர் வந்து மறுமுனையைப் பிடிக்கிறார். இங்கே வசனமே வைக்கவில்லை. மூடி முடித்து இருவரும் நனைந்து நிற்கும்போது வந்தவர் கேட்கிறார்: "மெஷின தொடச்சியாடா?" பழைய ஜோக்தான். ஆனால் இந்த முறை அது சமாதானத்துக்கு வேலை செய்கிறது. பின்னூட்டத்தில் சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் எழுதிய நம்மூர்ப் பிள்ளைகள் அதிகம் சொன்னது இந்த ஒரு வரியைத்தான்.

இது புதுசு ஒன்றும் இல்லை. கோபுலு 1924இல் தஞ்சாவூரில் பிறந்து கும்பகோணத்தில் ஓவியம் படித்தவர். ஆனந்த விகடனில் சொல்லே இல்லாத சிரிப்புப் படங்களும் போட்டார், 'தில்லானா மோகனாம்பாள்' தொடருக்கும் படம் போட்டார். ஒரே கைதான். அந்தக் கதையில் சவடால் வைத்தியை எடுத்துப் பாருங்கள். அவன் வாயைத் திறந்தால் நமக்குச் சிரிப்பு, மோகனாம்பாளுக்குச் சிக்கல். வைத்தியைத் தூக்கிவிட்டால் கதையில் பாதி முடிச்சு விழவே விழாது.

அதற்காக எல்லா ஜோக்கும் கதையைத் தள்ளியே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. மெலட்டூர் பாகவத மேளா என்கிற நாட்டிய நாடகத்தில் பிரகலாதன் கதை தொடங்கும் முன் கோணங்கி வந்து ஆடிவிட்டுப் போவார். கதைக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை. பேசிக்கொண்டிருக்கிற கூட்டத்தை மேடைப் பக்கம் திருப்புவதுதான் அவர் வேலை. இன்ஸ்டாகிராமில் முதல் படம் அப்படிப்பட்டது. அங்கே கதைக்குச் சம்பந்தமில்லாத சேட்டையைத் தாராளமாக வைக்கலாம். ஆனால் கோணங்கி நடுவில் மறுபடி மறுபடி வந்தால், தூணைப் பிளந்துகொண்டு நரசிம்மம் வரும்போது யாருக்குப் பயம் வரும்?

இன்னொரு பக்கமும் ஆபத்து உண்டு. ஜோக்காகத் தொடங்கிய தொடர் ஒரு நாள் திடீரென்று முகத்தை இறுக்கிக்கொள்வது. வெளிநாட்டு வெப்காமிக்ஸ்காரர்கள் இதற்கு 'செரிபஸ் சிண்ட்ரோம்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். 'செரிபஸ்' 1977இல் தொடங்கி, 2004இல் 300ஆவது இதழோடு முடிந்த கனடா நாட்டு காமிக்ஸ். வாள்வீரர் கதைகளைக் கிண்டல் செய்யும் எறும்புத்தின்னியாகத் தொடங்கி, அரசியல், மதம் என்று எங்கெங்கோ போனது. திசை மாறுவது தப்பில்லை. முதல் நாளிலிருந்தே பாத்திரத்துக்கு ஒரு கவலை இருந்தால் மாற்றம் உறுத்தாது. பெரியப்பா முதல் படத்தில் குறட்டை விடும்போதே ஒரு கை குவியல் மேல்தான் இருக்கும்.

உருவக் கேலியை நான் தொடுவதில்லை. நல்லபிள்ளையாக இருக்க அல்ல, அது கதைக்கு உதவாது. வழுக்கையைப் பார்த்து இந்த வாரம் சிரித்தால் அடுத்த வாரம் எங்கே போவீர்கள்? வழுக்கை அப்படியேதான் இருக்கும். ஒருவருடைய ஆசையை, வீம்பை, கஞ்சத்தனத்தைப் பார்த்துச் சிரித்தால் அது நாளைக்கு அவரை ஏதாவது செய்ய வைக்கும்.

கொஞ்சம் தொழில் சமாச்சாரம். தமிழில் வினைச்சொல் கடைசியில் வருவது ஜோக்குக்குப் பெரிய வசதி. திருப்பத்தைக் கடைசிச் சொல் வரை ஒளித்து வைக்கலாம், அந்தச் சொல்லை மட்டும் தனி பலூனில் போடலாம். இடைஞ்சலும் அங்கேதான். 'பாத்துக்கிட்டிருந்தேங்க' என்று ஒரு சொல் வந்தால் பலூன் கிழியும். எழுத்தைச் சின்னதாக்காதீர்கள், வசனத்தை வெட்டுங்கள். மேலிருந்து கீழே உருட்டிப் படிக்கும் வெப்டூனாக இருந்தால் கட்டங்களுக்கு நடுவே விடும் வெள்ளை இடம்தான் நேரம். ஜோக்குக்குக் கொஞ்சமாக, துக்கத்துக்கு விரல் சலிக்கிற அளவுக்கு விடுங்கள். கனமான கட்டத்துக்கு அடுத்ததாகவே ஒரு கடி ஜோக் வைக்கத் தோன்றும், வெட்கத்தில் தோன்றுவது அது. லைக் குறைந்தாலும் பரவாயில்லை, அந்த இடத்தைச் சும்மா விடுங்கள்.

நடுவில் வந்து சேர்பவரையும் நினைக்க வேண்டும். வாய்க்கால் தலைப்பில் இருக்கும் வயலுக்கு மட்டும் பாய்ந்தால் போதாது, கடைசியில் இருக்கும் கடைமடைக்கும் தண்ணீர் போக வேண்டும். முந்தைய அத்தியாயம் எதையும் படிக்காதவருக்கும் ஒரு சிரிப்பாவது தனியாகக் கிடைக்க வேண்டும், தொடர்ந்து படிப்பவருக்கு அதே சிரிப்பில் கூடுதலாக ஒன்று.

கடைசியாக ஒரு வசதி சொல்கிறேன்: கதைக்கு ஒரு கெடு வையுங்கள். என் தொடருக்குப் பயிர்தான் கெடு. ஜூன் 12 மேட்டூர் அணை திறப்பு, நாற்றங்கால், நடவு, அறுப்பு, கொள்முதல், கணக்கில் பணம் ஏறுவது. ஐப்பசி நெருங்குகிறது என்று வானத்தில் ஒரு மேகம் போட்டாலே எங்கள் பக்கத்து வாசகருக்கு வயிறு கலங்கும். தலைக்கு மேல் கெடு நிற்கும்போது பெரியப்பா எவ்வளவு வாயாடினாலும் கதை நின்றுவிட்டதாக யாருக்கும் தோன்றாது. அடுத்து, குறுவைக்குப் பின் போடும் தாளடிப் பயிரில் எலித் தொல்லை வரப்போகிறது. வயலில் எலி பிடிக்கத் தஞ்சாவூர் கிட்டி என்கிற மூங்கில் பொறி வைக்க வருபவரும் பெரியப்பாவுக்குச் சளைத்த வாய் இல்லை. கூலி பேசும் இடத்திலேயே தகராறு தொடங்குகிறது, அதுவரை வரைந்துவிட்டேன்.