பௌர்ணமியில் மிளகாய்

வணக்கம் சார்,

நான் வட இங்கிலாந்தில் ஒரு சிறு நகரத்தில் இருக்கிறேன். சொந்த ஊர் விருதுநகர் பக்கம். நான்கு வருடமாக விக்கா என்கிற புதுக்கால விட்ச் மதத்தின் வழியில் இருக்கிறேன். எந்தக் குழுவிலும் சேரவில்லை, தனியாகத்தான். பௌர்ணமி இரவில் ஜன்னலோரம் மெழுகுவர்த்தி ஏற்றி உட்காருவேன், நோட்டில் எழுதுவேன். கடைசியில் எங்கள் பாட்டி செய்த மாதிரி உப்பும் மிளகாயும் சுற்றி நெருப்பில் போடுவேன். வீட்டில் யாருக்கும் இது தெரியாது. ஏதோ தியானம் செய்கிறாள் என்று கணவருக்கு நினைப்பு.

இங்கே பேகன் ஆட்கள், அதாவது கிறிஸ்தவத்துக்கு முந்தைய தெய்வங்களைக் கும்பிடுகிறவர்கள், மாதம் ஒருமுறை ஒரு பப்பில் கூடுவார்கள். 'மூட்' என்று பெயர். ஒரு கூட்டத்தில், அவரவர் வீட்டில் தனியாக என்ன செய்கிறீர்கள், சொல்லுங்கள் என்றார்கள். நானும் சொன்னேன், மிளகாய் எத்தனை என்பதுவரை. அடுத்த மாதம் ஒரு அம்மாள் தன் வீட்டுத் தோட்டத்தில் பத்துப் பேரை நிற்க வைத்து அதைச் செய்து காட்டினார். 'பழந்திராவிட நிலாச் சடங்கு' என்று முன்னுரை வேறு. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அதே கூட்டத்தில், விக்காவிலேயே தீட்சை வாங்கிச் சேர்கிற கார்ட்னேரியன் பிரிவுப் பெரியவர் ஒருவர் உண்டு. எழுபதுக்கு மேல் வயது. அவர் மட்டும் எதையும் சொல்லவில்லை. கேட்டதற்குச் சிரித்துவிட்டு பீரைக் குடித்தார். அவர் செய்ததுதான் சரியோ என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் ராமானுஜர் திருக்கோஷ்டியூர் கோபுரத்தில் ஏறி எல்லோருக்கும் சொன்னாரே, ஒளித்து வைப்பது சின்னப் புத்தி அல்லவா என்றும் தோன்றுகிறது. நான் சொன்னது தப்பா?

பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் ஒரு சந்தேகம். இங்கிலாந்து வீட்டுக்குள் மிளகாயைச் சுட்டால் புகை அலாரம் அலறாதா? நான்கு வருடமாகக் கணவருக்குத் தெரியாமல் எப்படிச் சமாளித்தீர்கள் என்பதைத் தனியாக எழுதுங்கள்.

கடிதத்தைப் படிக்கிற மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. 'விட்ச்' என்பதைச் சூனியக்காரி என்று மொழிபெயர்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். நம்மூரில் சூனியக்காரி என்பது அடுத்தவர் வைக்கிற பெயர், பெரும்பாலும் வேண்டாதவர் வைப்பது. விக்கா வழிக்காரர்கள் தாங்களே விரும்பி வைத்துக்கொண்ட பெயர் 'விட்ச்'. மற்றபடி ஒரு தேவி, ஒரு தேவன், வருடத்துக்கு எட்டுப் பண்டிகை, பௌர்ணமிக் கூட்டம், இவ்வளவுதான். 2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 74,000 பேர் தங்களைப் பேகன் என்றும் 13,000 பேர் விக்கா என்றும் எழுதியிருக்கிறார்கள்.

சரி, உங்கள் வயிற்றைப் பிசைந்த விஷயம். அந்த அம்மாள் செய்த காரியம் எனக்குப் புதிதாகத் தெரியவில்லை. நீங்கள் இருக்கும் மதமே அப்படித்தான் உண்டானது.

விக்காவைத் தொடங்கி வைத்த ஆங்கிலேயர் ஜெரால்ட் கார்ட்னரை எடுத்துக்கொள்ளுங்கள். 1900இல், பதினாறு வயதில், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பழக வந்தவர். அப்புறம் போர்னியோ, மலாயா. மலாயாவில் சுங்க அதிகாரி. கிரிஸ் என்கிற மலாய்க் குத்துவாளைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். வேலையை விட்டு 1936இல் ஊர் திரும்பியவர், 1939இல் நியூ ஃபாரஸ்ட் பக்கம் ஒரு பழைய விட்ச் குழுவில் தீட்சை பெற்றதாகச் சொன்னார். 1954இல் அதை உலகத்துக்குப் புத்தகமாகவும் எழுதினார். வழிவழியாக வந்த கற்காலத்து மதம், அதன் கடைசி ஆட்கள் சிலரைத்தான் சந்தித்தேன் என்பது அவர் சொன்ன கதை.

1953இல் அவரிடம் தீட்சை பெற்ற டோரீன் வேலியன்டி கெட்டிக்காரப் பெண். குழுவின் சடங்கு நோட்டைப் பார்த்ததுமே, இதில் பாதி மந்திரவாதி அலீஸ்டர் க்ரௌலி எழுதியதாயிற்றே என்று கேட்டுவிட்டார். கிப்ளிங்கின் பாட்டுகூட ஒன்று அதில் இருந்தது. தனக்குக் கிடைத்தது துண்டு துண்டாகத்தான், இட்டு நிரப்ப வேண்டியிருந்தது என்று கார்ட்னர் சொன்னார். முடிந்தால் நீயே நன்றாக எழுது என்றும் சொல்லிவிட்டார். வேலியன்டியும் உட்கார்ந்து எழுதினார். தேவியே பேசுவதுபோல் உலகமெங்கும் இன்று சொல்லப்படுகிற அந்த உரைநடைப் பகுதி அவர் கையில் திருந்தியதுதான்.

அந்த நோட்டுக்கு 'புக் ஆஃப் ஷேடோஸ்', நிழல்களின் புத்தகம், என்று பெயர். உங்கள் நோட்டையும் மனதுக்குள் அப்படித்தான் கூப்பிடுவீர்கள் என்று நினைக்கிறேன். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று வேலியன்டி ஒரு யூகம் சொல்லியிருக்கிறார். 1949இல் ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் மீர் பஷீர் என்ற கைரேகைக்காரர் எழுதிய கட்டுரையின் தலைப்பு அது. ஒருவருடைய நிழலை அளந்து பலன் சொல்லும் சமஸ்கிருதச் சுவடியைப் பற்றிய கட்டுரை. அந்த இதழில் கார்ட்னருடைய நாவலுக்கு விளம்பரம் வந்திருந்தது. ஆகவே அவர் அதைப் பார்த்திருப்பார், பெயர் பிடித்துப்போயிருக்கும் என்கிறார் அம்மையார். அது சரியாக இருந்தால், உங்கள் பாட்டியின் மிளகாய்க்கு முன்பே நம் பக்கத்துச் சரக்கு ஒன்று அந்தத் தோட்டத்துக்குள் போய்விட்டது.

இரவல் வாங்குவதில் எனக்கு மனக்குறை இல்லை. இரவல் இல்லாத சடங்கு எந்த மதத்திலும் கிடையாது. இரவல் வாங்கிய பாத்திரத்தில் தன் பேரைப் பொறித்துக்கொள்வதுதான் உறுத்துகிறது. 'போன மாதம் பப்பில் ஒரு தோழி சொன்னது, அவள் பாட்டி செய்வாளாம்' என்று அந்த அம்மாள் சொல்லியிருந்தால் உங்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஒருவேளை பெருமையாகக்கூட இருந்திருக்கும். 'பழந்திராவிட' என்று போட்டவுடன் உங்கள் பாட்டி காணாமல் போய்விட்டார்.

பெரியவரின் மௌனத்துக்கு வருகிறேன். அவர் மௌனத்தைத் தப்பாகவும் புரிந்துகொள்ள வேண்டாம், பெரிதாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அறிவது, துணிவது, உறுதிகொள்வது, வாய்மூடி இருப்பது என்று நான்கு சொல்வார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக்காரர் எலிஃபாஸ் லேவி எழுதி வைத்தது. கார்ட்னேரியன் வழியில் தீட்சையின்போது சத்தியம் வாங்குகிறார்கள். நோட்டைக் குருவிடமிருந்து கையால் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். ஆரம்ப காலத்தில் இந்த மௌனத்துக்கு நடைமுறைக் காரணமும் இருந்தது. 1735இல் போட்ட சூனியச் சட்டம் இங்கிலாந்தில் 1951 வரை உயிரோடு இருந்தது. 1944இல்கூட ஹெலன் டங்கன் என்ற ஆவி பேசும் பெண்மணியை அதன் கீழ் ஒன்பது மாதம் உள்ளே போட்டார்கள். சட்டம் போன பிறகும் பெயர் வெளியே தெரிந்தால் வேலை போகும் என்ற பயம் போகவில்லை.

ஆனால் இந்தச் சத்தியத்தை முதலில் தளர்த்தியவர் யார்? கார்ட்னரேதான். அவருக்குப் பத்திரிகைக்காரர்கள் என்றால் உயிர். 1957இல் வேலியன்டியும் இன்னும் சிலரும் இது தாங்காமல், பேட்டி கொடுப்பதற்கு ஒரு வரைமுறை வேண்டும் என்று விதிகள் எழுதிக் கொடுத்தார்கள். அதற்கு கார்ட்னர், விதிகள் ஏற்கெனவே இருக்கின்றனவே என்று 'பழைய சட்டங்கள்' என ஒரு கட்டை எடுத்து நீட்டினார். அதில், வயதான தலைவி இளையவளுக்கு இடம் விட்டு மரியாதையாக விலக வேண்டும் என்று ஒரு விதி! அதுவரை யாரும் கண்ணால் பார்த்திராத பழைய சட்டம். குழுவின் தலைவியாக இருந்த வேலியன்டிக்கு அப்போது முப்பத்தைந்து வயது. புரிந்துகொண்டு வெளியேறினார்.

பின்னால் நடந்ததுதான் எனக்குச் சுவையானது. 1971இல் அமெரிக்காவில் லேடி ஷீபா என்ற பெயரில் ஒரு பெண்மணி அந்தச் சடங்கு நோட்டை அச்சிட்டு விற்றுவிட்டார். பிழையும் திரிபுமாக. எண்பதுகளில் ஜேனட் ஃபேரர், ஸ்டூவர்ட் ஃபேரர் தம்பதி சரியான பாடத்தை வெளியிட்டபோது பக்கத்தில் இருந்து உதவியவர் யார் என்று நினைக்கிறீர்கள்? விளம்பரம் வேண்டாம் என்று சண்டை போட்ட அதே வேலியன்டி. எந்த வரி யாருடையது, எது தான் எழுதியது என்று பிரித்துச் சொன்னார். இதை அவர் மனம் மாறியதாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. 1957இல் கேட்டதையும் எண்பதுகளில் கேட்டதையும் ஒன்றாகத்தான் பார்க்கிறேன். யாருடையதை யார் பேரால் சொல்கிறோம் என்பதுதான் இரண்டு தடவையும் அவர் பிரச்சினை.

ஆகவே உங்கள் பெரியவர் காப்பது மந்திரத்தை அல்ல. அது புத்தகக் கடையில் கிடைக்கிறது, அவருக்கும் தெரியும். அவர் காப்பது உடன் இருந்தவர்களின் பெயர்களை, அந்த அறையில் நடந்ததை. அது அவர் ஒருவருக்குச் சொந்தமானதல்ல, சொல்லவில்லை. நீங்களோ எந்தச் சத்தியமும் செய்யாதவர். தனியாகச் செய்கிறவர்களுக்கென்றே ஸ்காட் கன்னிங்ஹம் 1988இல் புத்தகம் எழுதிய பிறகு உங்களைப்போன்றவர்கள்தான் அங்கே அதிகம். அவர்களுக்கு இந்தப் பகிர்தல்தான் பள்ளிக்கூடம்.

ராமானுஜர் உதாரணம் எனக்கு இங்கே ஒட்டவில்லை. அவர் கையில் இருந்தது மோட்சம் தரும் மந்திரம் என்று அவரும் நம்பினார், குருவும் நம்பினார். பசித்த ஊரில் சோற்றை மூடி வைக்க அவரால் முடியவில்லை, நான் ஒருவன் நரகம் போனால் போகிறது என்று ஏறினார். விக்காவில் அப்படிப் பசித்த ஊர் கிடையாது. வராதவன் கெட்டான் என்று அவர்கள் சொல்வதில்லை, ஆள் பிடிப்பதும் இல்லை. பெரியவர் பேசாததால் யாரும் பட்டினி கிடக்கவில்லை. அதைச் சின்னப் புத்தி என்று சொல்ல மாட்டேன்.

பகிர்வதற்கு ஒரு நல்ல வழக்கத்தை வடக்கத்தி ஐரோப்பிய தெய்வங்களைக் கும்பிடுகிற ஹீதன்களிடம் பார்க்கிறேன். பழைய ஏட்டில் இருப்பது ஒன்று, எனக்கே தோன்றியது ஒன்று என்று பிரித்துச் சொல்வார்கள். இரண்டாவதற்கு 'யூபிஜி' என்று பெயர். சரிபார்க்க முடியாத சொந்த ஞானம் என்று பொருள். 'ஓடினுக்கு இந்த மது பிடிக்கும், ஆனால் இது என் யூபிஜி' என்பார்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் எவ்வளவு நாணயமான பேச்சு!

இனி உங்களை ஒன்று கேட்க வேண்டும். கோபித்துக்கொள்ளாதீர்கள். பௌர்ணமி யார் சொன்னது? விருதுநகர்ப் பக்கம் உப்பு மிளகாய் சுற்றுவது ஞாயிறு, செவ்வாய், இல்லையென்றால் அமாவாசை. பௌர்ணமியில் சுற்றிப் போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. உங்கள் பாட்டி சொல்லியிருந்தால் தாராளமாகத் திருத்துங்கள். என் யூகம், அது உங்கள் விக்காப் படிப்பிலிருந்து வந்தது. அதாவது பாட்டியிடமிருந்து மிளகாயையும் கார்ட்னரிடமிருந்து நிலாவையும் எடுத்து நீங்களே ஒன்று கட்டியிருக்கிறீர்கள். அதில் தப்பே இல்லை, எனக்குப் பிடித்தும் இருக்கிறது. ஆனால் அந்த அம்மாளுக்குக் கிடைத்தது உங்கள் சடங்கு, பாட்டியுடையது அல்ல. அதை மூட்டில் சொன்னீர்களா?

இன்னொன்றும் விட்டுப்போயிருக்கும் என்று சந்தேகப்படுகிறேன். திருஷ்டி கழிப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கிழக்கே பார்த்து உட்கார வேண்டும், வாய் திறக்கக் கூடாது. இன்னொருவர் கைப்பிடி உப்பும் காய்ந்த மிளகாயும் காலடி மண்ணும் எடுத்து மேலும் கீழும், வலமும் இடமும் சுற்ற வேண்டும். ஊர்க்கண்ணு, உறவுக்கண்ணு, நாய்க்கண்ணு, நரிக்கண்ணு என்று முணுமுணுத்தபடி. உட்கார்ந்தவர் அந்தக் கையில் மூன்று தரம் துப்ப வேண்டும். பிறகு நெருப்பு. நெடி ஏறாவிட்டால் 'பாத்தியா, எவ்வளவு கண்ணு' என்று ஒரு வியப்பு. எங்கள் வீட்டில் அம்மா சுற்றும்போது நான் தும்மலை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. யாரும் தனக்குத்தானே சுற்றிக்கொண்டு பார்த்ததில்லை. நீங்கள் அங்கே அளவைச் சொன்னீர்கள், எண்ணிக்கையைச் சொன்னீர்கள். உட்கார்ந்திருப்பவரைச் சொல்லவில்லை போலிருக்கிறது. அதனால்தான் தோட்டத்தில் பத்துப் பேரும் நின்றுகொண்டு செய்தார்கள்.

அடுத்த மூட்டில் அந்த அம்மாளிடம் சண்டை வேண்டாம். பாட்டியின் ஊரைச் சொல்லுங்கள், நிலாவை நீங்கள் சேர்த்ததையும் சொல்லுங்கள், அவரையே ஒரு நாற்காலியில் உட்கார வையுங்கள். அதற்கு முன்னால் வீட்டில் ஒரு ஒத்திகை பார்த்துவிடுவது நல்லது. தியானம் என்று நம்பிக்கொண்டிருக்கிற உங்கள் கணவரைக் கொல்லைப்புறத்துக்குக் கூப்பிடுங்கள், அலாரம் எட்டாத தூரத்துக்கு. அவர் சும்மா கிழக்கே பார்த்து உட்கார்ந்தால் போதும். கையில் துப்ப வேண்டியிருக்கும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.