அறிதுயிலும் அரைகுறைத் தூக்கமும்

கேள்வி: பனியன் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். ஜெர்மனி பையர்களுக்கு மெயில் அனுப்பிவிட்டுப் படுக்க இரவு ஒரு மணி ஆகிவிடும். ஐந்தரைக்கு எழுந்தாக வேண்டும். படுத்தபடி, ஒரு குரல் சொல்லச் சொல்ல உடம்பின் ஒவ்வோர் இடமாகக் கவனத்தைக் கொண்டுபோகும் யோக நித்திரையை அரை மணி நேரம் செய்தால் நாலு மணி நேரத் தூக்கத்துக்குச் சமம் என்றார்கள். மூன்று மாதமாக மதியம் போனில் போட்டுக் கேட்கிறேன். வலது கட்டைவிரல், ஆள்காட்டி விரல் என்று சொல்லிக்கொண்டே போகும் குரல் முழங்கையைத் தாண்டுவதற்குள் தூங்கிவிடுகிறேன். இரண்டு நாள் சிறப்பு வகுப்பில் சேர்ந்தால் சரியாகுமா?
– பெயர் வேண்டாம், திருப்பூர்.

பதில்: சேராதீர்கள். அந்தப் பணத்தில் நல்ல தலையணையாக ஒன்று வாங்குங்கள். நாலரை மணி நேரம் தூங்குகிற மனிதர் மதியம் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடினால் தூக்கம் வராமல் வேறென்ன வரும்? பயிற்சியில் கோளாறில்லை. உடம்பு பாக்கியை வசூல் செய்கிறது.

அந்த 'அரை மணி, நாலு மணி' கணக்கைச் சிலர் இரண்டு மணி என்றும் சொல்கிறார்கள். கடைக்குக் கடை விலை மாறினால் சரக்கைப் புரட்டிப் பார்க்க வேண்டாமா, அதுவும் திருப்பூர்க்காரர்! இரவில் ஆழ்ந்த தூக்கமும் கனவுத் தூக்கமும் சுமார் ஒன்றரை மணிக்கு ஒரு சுற்றாக நாலைந்து தடவை வந்து போகும். அரை மணியில் ஒரு சுற்றுக்கூட முடியாது. பெரியவர்களுக்குக் குறைந்தது ஏழு மணி நேரம் வேண்டும் என்பதுதான் தூக்க மருத்துவர்களின் கணக்கு.

கோபன்ஹேகனில் செய்து 2002-ல் வெளியான ஆய்வையும் உங்களிடம் காட்டியிருப்பார்கள். யோக நித்திரையின்போது மூளையின் ஒரு பகுதியில் டோபமைன் என்ற ரசாயனத்தின் சுரப்பு 65 சதவீதம் கூடியது என்பது. உண்மைதான். சோதிக்கப்பட்டவர்கள் எட்டே பேர், எல்லோரும் பழகித் தேர்ந்தவர்கள். விளம்பரத்தில் 65 இருக்கும், எட்டு இருக்காது.

இதற்காக யோக நித்திரையே புரட்டு என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பாம்பணையில் பெருமாள் கொள்ளும் துயிலுக்கு 'அறிதுயில்', அதாவது அறிவு விழித்திருக்கும் துயில், என்று சிலப்பதிகாரத்திலேயே பேர் இருக்கிறது. பேர் பழையது, நீங்கள் போனில் கேட்கும் முறை போன நூற்றாண்டுச் சரக்கு. உடம்பின் ஒவ்வோர் இடத்திலும் மந்திரத்தை இருத்தும் நியாசம் என்ற தாந்திரிகச் சடங்கிலிருந்து மந்திரத்தை எடுத்துவிட்டு, கவனத்தை மட்டும் விரல் விரலாக நகர்த்தும்படி அதை வகுத்தவர் முங்கேரில் பீகார் யோகப் பள்ளியை நிறுவிய சுவாமி சத்யானந்தர். அவருடைய குரு சிவானந்தர், பாய்க்குப் பேர்போன நம் பத்தமடைக்காரர். படுத்துச் செய்யும் யோகத்துக்குப் பொருத்தமான ஊர்!

அந்த முறையில் தொடக்கத்திலேயே 'தூங்க மாட்டேன், விழித்திருப்பேன்' என்று மனசுக்குள் சொல்லிக்கொள்ளச் சொல்வார்கள். அதாவது தூக்கத்தின் விளிம்பு வரை போய், விழாமல் நிற்கிற வித்தை. நாள் முழுக்க இறுகிய தோளும் தாடையும் இளகும், ஓடுகிற மனசு கொஞ்சம் உட்காரும். போதுமான தூக்கம் உள்ளவருக்குத்தான் அந்த விளிம்பு வசப்படும். ப்ரூப் குவியலுக்கு நடுவே ஆபீஸ் தரையில் நானும் படுத்துப் பார்த்தவன்தான். வயிறு நிறையச் சாப்பிட்டதும் செய்தால் குறட்டைதான் மிச்சம். சாயங்காலம் ஆறு மணி வாக்கில் செய்யுங்கள். முழங்கையைத் தரையில் ஊன்றி முன்னங்கையை நிமிர்த்தி வையுங்கள். தூக்கம் வந்தால் கை சரியும், விழித்துக்கொள்வீர்கள். ஏழு மணி நேரம் தூங்கியும் பகலில் கண் சொருகினால், வீட்டில் உள்ளவர்கள் உங்கள் குறட்டையைப் பற்றிப் புகார் சொன்னால், போக வேண்டிய இடம் டாக்டர்.

இன்னொன்று கேட்கிறேன். ஜெர்மனியில் மாலை ஆறு மணிக்கு ஆபீஸ் மூடினால் நமக்கு ஒன்பதரை, குளிர்காலத்தில் பத்தரை. நீங்கள் இரவு ஒரு மணிக்கு அனுப்பும் மெயிலை அங்கே உட்கார்ந்து யார் படிக்கிறார்கள்?